யாருக்கும் அடிபடல, ஆனாலும் தொட பயப்படுறாங்க, என்ன பண்றது?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட விதத்துல முதல்ல சொல்லிடறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு 8க்கு 8, மொத்தம் 64 பின் வெச்சு ஒரு ஷேப் டிஸ்ப்ளே பண்ணியிருக்கீங்க, ஒவ்வொரு பின்னுக்கும் கீழ ஒரு எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்கு திரும்பி நிக்கற குட்டி மோட்டார்), ஸ்கிரீன்ல இருக்கற மேடு பள்ளம் அப்படியே மேசை மேல எழும்பும். விரல் வெச்சாலும் அடிபடாதுன்னு நீங்களே சோதிச்சாச்சு. ஆனா டெமோ பாக்க வர்றவங்க தொட மாட்டேங்கறாங்க, தொட்டவங்களும் பின் எழும்பின உடனே வெடுக்குன்னு கையை இழுத்துக்கறாங்க. உங்க கைடும் "இது சேஃப்தானாப்பா"ன்னு கேட்டுட்டார். ஆக நீங்க கேக்கறது, சேஃபா இருக்கற ஒரு பொருளை சேஃப்னு கைக்கு எப்படி புரிய வைக்கறது. கூடவே மேல துணி போர்த்தலாமா, எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் வேணுமான்னும் கேட்டிருக்கீங்க.

நான் 14 வருஷமா மோஷன் கன்ட்ரோல் வேலைல இருக்கேன், ஆரம்பத்துல கார் கண்ணாடி மோட்டார் டெஸ்டிங், அப்புறம் மியூசியத்துக்கு அசையற எக்சிபிட் செய்யற ஒரு டீம்ல. அதுல கத்துக்கிட்டதை வெச்சு சொல்றேன். குழந்தைங்களுக்கான பொம்மைக்கு சர்டிஃபிகேட் வாங்கறது, நோயாளிங்க மேல படற கருவி, இதெல்லாம் என் வேலை இல்ல, அந்தப் பக்கம் போறதா இருந்தா அதுக்குன்னு இருக்கற ஆளுங்க கிட்டதான் கேக்கணும்.

முதல்ல "அடிபடாது"ங்கறதையே கொஞ்சம் கணக்கு போட்டு பாப்போம், ஏன்னா நிஜமா சேஃப் இல்லாததை சேஃப் மாதிரி தோண வெச்சுட்டா அது பயமுறுத்தற மெஷினை விட மோசம், பயப்படறவனாவது கையை தள்ளி வெச்சுப்பான். எஸ்ஜி90 டேட்டாஷீட்ல 4.8 வோல்ட்டுக்கு 1.8 கிலோ-சென்டிமீட்டர் டார்க், அதாவது சுத்தற விசைன்னு போட்டிருக்கும். நீங்க அனுப்பின படத்துல பினியனோட, அதாவது பின்னை தூக்கற பல்சக்கரத்தோட ஆரம் சுமார் 1 செமீ மாதிரி தெரியுது, அப்ப பின்னோட தலையில கிட்டத்தட்ட 1.8 கிலோ, அதாவது 17, 18 நியூட்டன் வரும். விரல் உடையாது, சரிதான். ஆனா 6 மிமீ தடிமன் உள்ள ஒரு குச்சி முனை 1.8 கிலோவோட நகக்கண்ணுல குத்தினா நல்லாவே வலிக்கும். நீங்க உள்ளங்கையை வெச்சு சோதிச்சிருப்பீங்க, உள்ளங்கை தாங்கும். சமையலறை டிஜிட்டல் தராசை பின் மேல கவுத்து பிடிச்சு அழுத்தி பாருங்க, 100 கிராம் காட்டினா சுமார் 1 நியூட்டன். நான் உங்க இடத்துல இருந்தா ஒரு பின்னுக்கு 2 நியூட்டன் தாண்ட விடமாட்டேன். இந்த 2ங்கறது எந்த ஸ்டாண்டர்ட்லயும் இருக்கற எண் இல்ல, என் பழக்கத்துல வந்தது.

அடுத்தது நேரம், உங்க மெஷினோட பெரிய பிரச்சினையே இதுலதான் இருக்குன்னு நினைக்கறேன். அதே டேட்டாஷீட்ல 60 டிகிரிக்கு 0.1 செகண்ட்னு இருக்கும். 180 டிகிரி முழுசா சுத்தினா பின் சுமார் 31 மிமீ மேல வரும், அதுக்கு ஆகற நேரம் 0.3 செகண்ட். மனுஷன் ஒன்னை கண்ணால பாத்து கையை அசைக்க ஆரம்பிக்கவே கால் செகண்ட் கிட்ட ஆயிடும். அப்ப என்ன நடக்குது, பின் கிளம்புது, உங்க விருந்தாளி பாக்கறார், "என்னமோ வருது"ன்னு மூளை கைக்கு சொல்லி முடிக்கறதுக்குள்ள பின் கிட்டத்தட்ட மேல வந்தாச்சு. அவர் கிட்ட யாரும் கேக்கவே இல்ல. அந்த வெடுக்குன்னு இழுக்கறது கோழைத்தனம் இல்ல, கை தன் வேலையை ஒழுங்கா செய்யுது.

நான் இத்தனை வருஷத்துல கத்துக்கிட்ட ஒரே விஷயம்னா இதுதான்: கையும் மெஷினும் ஒரே இடத்துக்கு போட்டி போட்டா கை ஜெயிக்கணும், ஜெயிக்கறது அந்தக் கைக்கு தெரியவும் செய்யணும். ஃபோர்ஸ் கம்மியா இருந்தா மட்டும் போதாது. ஃபோர்ஸ் எவ்வளவுங்கறது அடிபட்ட பிறகுதான் தெரியும், தொடறவருக்கு அதுக்கு முன்னாடியே தெரியணும்.

ஃபோர்ஸுக்கு எண் வெச்ச விதிங்க நிறைய இருக்கு, எல்லாமே அவசியமானதுதான். கார் கண்ணாடிக்கு அமெரிக்க விதி எஃப்எம்விஎஸ்எஸ் 118 இருக்கு, தானா மூடற கண்ணாடிக்கு நடுவுல 4 மிமீல இருந்து 200 மிமீ வரைக்கும் தடிமன் உள்ள கம்பியை வெச்சா, 100 நியூட்டன் தாண்டறதுக்குள்ள கண்ணாடி திரும்பி இறங்கிடணும். நான் டெஸ்டிங்ல இருந்தப்ப இந்த மாதிரி கம்பியை வெச்சு வெச்சு எடுத்ததுதான் நாள் முழுக்க வேலை. லிஃப்ட் கதவுக்கு ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் இஎன் 81-20, மூடற கதவை தடுத்து நிறுத்த 150 நியூட்டனுக்கு மேல தேவைப்படக் கூடாது. மனுஷனோட சேர்ந்து வேலை செய்யற ரோபோக்கு 2016ல வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066, உடம்புல 29 இடத்துக்கு தனித்தனி எண் குடுத்திருக்கு, கை விரலுக்கு நசுங்கற மாதிரி அழுத்தம்னா 140 நியூட்டன். இதை பாத்துட்டு "நம்மது 18தானே, எங்கயோ இருக்கோம்"னு நினைச்சுடாதீங்க. அந்த 29 இடத்து எண்ணுங்க 100 ஆரோக்கியமான பெரியவங்களுக்கு வலி எங்க ஆரம்பிக்குதுன்னு அளந்து எடுத்தது, அதுல குழந்தைங்க கிடையாது. வலி ஆரம்பிக்கற எல்லையும் நிம்மதியா கை வைக்கற எல்லையும் வேற வேற, ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கு. தினமும் 150 நியூட்டன் லிஃப்ட் கதவுல போறவங்களே மூடற கதவுக்கு நடுவுல கை விட யோசிப்பாங்க. அதே கதவுல ஒளித்திரை (குறுக்க கை வந்தா உணர்ற ஒளிக்கதிர்) இருந்து, கையை நீட்டினாலே கதவு திறந்துக்கற லிஃப்ட்ல யோசிக்காம கை நீட்டுவாங்க, மோட்டார் ரெண்டுலயும் ஒன்னாவே இருக்கலாம், கையை நீட்டினதும் கதவு என்ன பண்ணுதுங்கறதுதான் வித்தியாசம்.

கைக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்ங்கறதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சியை சொல்றேன், எனக்கு இந்த விஷயத்துல கண்ணைத் திறந்தது அதுதான். நம்மளை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். லண்டன்ல சாரா-ஜேன் பிளேக்மோர், கிறிஸ் ஃப்ரித், டேனியல் வோல்பெர்ட் மூணு பேரும் சேர்ந்து 1990கள் கடைசில அதை ரோபோ வெச்சு சோதிச்சாங்க. இடது கையால ஒரு ரோபோ கைப்பிடியை அசைக்கணும், இன்னொரு ரோபோ அதே அசைவை அப்படியே ஒரு ஸ்பாஞ்சால வலது உள்ளங்கைல தடவும். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா கூச்சம் கம்மி. நடுவுல 100, 200, 300 மில்லிசெகண்ட்னு தாமதத்தை கூட்ட கூட்ட கூச்சம் கூடிட்டே போச்சு. அதே ஸ்பாஞ்ச், அதே கை, தாமதம் மட்டும் மாறுது, அடுத்தவன் தொடற மாதிரி ஆயிடுது. இதுல இருந்து ஷேப் டிஸ்ப்ளேக்கு வர்றது என் அனுமானம்தான், ஆனா நான் நம்பி வேலை செய்யற அனுமானம்: நான் தொட்டதால அது அசைஞ்சுதுன்னு மூளை கணக்கு போட முடிஞ்சா அது என்னோட பொருள், முடியலன்னா அது வேற ஒரு உயிர். உங்க மெஷின்ல மவுஸை நகர்த்தறது லேப்டாப்ல உக்காந்திருக்கற உங்க ஃப்ரெண்ட், பின் மேல கை வெச்சிருக்கறவர் வேற ஒருத்தர். அவருக்கு அது தானா எழும்பற மாதிரிதான் இருக்கும், பயப்படாம என்ன செய்வார்? மவுஸை அவர் கையிலேயே குடுங்க, இல்லன்னா கன்ட்ரோலை மேசை மேலேயே கொண்டு வாங்க, ஒரு பின்னை அமுக்கினா பக்கத்து பின் எழும்பற மாதிரி. செலவே இல்லாத மாற்றம் இது, முதல்ல இதைத்தான் செய்வேன்.

கைக்கு அடங்கற மெஷினுக்கு நல்ல உதாரணம் ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல இருக்கு. மிக்ஸிங் கன்சோல்ல மோட்டார் வெச்ச ஃபேடர், அதாவது சத்தத்தை கூட்டி குறைக்கற சறுக்கு குமிழ் இருக்கும், பாட்டு ஓட ஓட அதுங்க தானா மேலயும் கீழயும் ஓடும், சவுண்ட் இன்ஜினியர் அது மேல விரல் வெச்ச அடுத்த கணம் மோட்டார் விட்டுக் குடுத்துடும், ஏன்னா ஃபேடர் குமிழ் தொடுகையை உணரும். வருஷக்கணக்கா விரலுக்கு அடியில மோட்டார் ஓடற வேலைல அவங்க யாரும் பயந்து நான் பாத்ததில்ல. நீங்க பாத்து ஆசைப்பட்டதா சொன்ன அமெரிக்காவுல இருக்கற எம்ஐடியோட இன்ஃபார்ம் மேசை இருக்கே, 2013ல ஹிரோஷி இஷியோட குழு காட்டினது, 30க்கு 30 மொத்தம் 900 பின், ஒவ்வொன்னும் 100 மிமீ எழும்பும், அதுக்கு அடியில இருந்து பின்னை தள்ளற ஆக்சுவேட்டரும் இதே ஜாதி மோட்டார் ஸ்லைடருங்கதான். அதுங்களுக்கு ஃபோர்ஸும் கம்மி, கையால எதிர்த்து தள்ளினா பின்னாடி போகும். சர்வோல அது நடக்காது. உள்ள இருக்கற கியர் வேகத்தை குறைச்சு டார்க்கை கூட்டுது, ஆனா வெளியில இருந்து தள்ளற கைக்கு மோட்டாரோட இனெர்ஷியா (அசைய மறுக்கற தன்மை) கியர் விகிதத்தோட வர்க்கமா பெருகி தெரியும், கரண்ட் இருக்கற வரைக்கும் சர்வோ தன் இடத்தை விடாம பிடிச்சுக்கவும் செய்யும். அதனாலதான் உங்க பின்னை அமுக்கினா சுவரை அமுக்கற மாதிரி இருக்கு. லீட் ஸ்க்ரூ, அதாவது சுத்தி சுத்தி பின்னை ஏத்தற திருகு போட்டிருந்தா இன்னும் மோசம், அது பெரும்பாலும் கரண்ட் இல்லாதப்பவும் நகராது.

64 சர்வோவையும் தூக்கி போடுங்கன்னு சொல்லப் போறதில்ல, ரிவ்யூ நெருங்கிடுச்சுன்னு புரியுது. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் வாங்குங்க. ரேக்குக்கும் (பினியன் மேல தள்ளற பல் பட்டை) பின்னுக்கும் நடுவுல ஒவ்வொரு ஸ்பிரிங் வைங்க. எம்ஐடில கில் பிராட்டும் மேத்யூ வில்லியம்சனும் 1995ல சீரீஸ் எலாஸ்டிக் ஆக்சுவேட்டர்னு, மோட்டாருக்கும் அது அசைக்கற பாகத்துக்கும் நடுவுல ஸ்பிரிங் வைக்க, ரோபோ காலுக்கும் கைக்கும் சொன்ன யோசனைக்கு இது ஏழை வீட்டுத் தம்பின்னு வெச்சுக்கலாம். விரல் எதிர்த்தா சர்வோ மேல போனாலும் பின் போகாது, ஸ்பிரிங்தான் அமுங்கும். சாஃப்ட்வேர் ஹேங் ஆனாலும், வயர் கழண்டாலும் ஸ்பிரிங் தன் வேலையை செய்யும், அதான் எனக்கு பிடிச்சது. ஒரே ஒரு கவனம், ஸ்பிரிங் முழுசா அமுங்கி கெட்டியாயிட்டா மறுபடி 18 நியூட்டன்தான், அதனால சர்வோவோட பயணத்தை ஸ்பிரிங் தாங்கற அளவுக்குள்ள வைங்க, இல்ல இன்னும் நீளமான ஸ்பிரிங் தேடுங்க. அதுக்கு மேல தொடுகை சென்சாரும் போட முடிஞ்சா, பின் தலையில காப்பர் டேப் ஒட்டி ஒரு வரிசைல இருக்கற 8 பின்னையும் ஒன்னா சேத்துடுங்க, 8 வரிசைக்கு 8 சேனல், எம்பிஆர்121ங்கற தொடுகை சென்சார் சிப்ல 12 சேனல் இருக்கு, ஒன்னே போதும். கை பட்ட வரிசைக்கு அசைவை நிறுத்தி 5 மிமீ கீழ இறக்குங்க. நிறுத்தறது மட்டும் பத்தாது, கார் கண்ணாடி மாதிரி கொஞ்சம் பின்வாங்கணும்.

அசையற விதத்துக்கு வருவோம். சர்வோக்கு நேரா 180னு எழுதினா அது தன் முழு வேகத்துல பாயும். 1985ல டாமர் ஃப்ளாஷும் நெவில் ஹோகனும் மனுஷக் கை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு போறப்ப ஜெர்க், அதாவது வெடுக்குன்னு முடுக்கம் மாறறது, குறைஞ்ச வழியில போகுதுன்னு காட்டினாங்க, மெதுவா கிளம்பி நடுவுல வேகமா போய் மெதுவா நிக்கும். அந்த வளைவுக்கு ஃபார்முலா சின்னது, நேரத்தை 0ல இருந்து 1 வரைக்கும் எடுத்துக்கிட்டு அதோட 3, 4, 5ம் அடுக்குகளை முறையே 10, -15, 6 ஆல பெருக்கி கூட்டணும், அவ்வளவுதான். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை புது கோணம் குடுத்தா 1 செகண்ட்ல 50 படி. இதுல உச்ச வேகம் சராசரியோட 1.875 மடங்கு வரும், 31 மிமீயை 1 செகண்ட்ல போனா உச்சம் 58 மிமீ/செகண்ட், இப்ப உங்களுக்கு 100க்கு மேல. நான் இன்னொன்னும் செய்வேன், பின் முதல்ல ஒரு 2 மிமீ எழும்பி கால் செகண்ட் நின்னுட்டு அப்புறம் மிச்சத்தை போகும், யாராவது பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தொண்டையை செருமற மாதிரி. அந்த கால் செகண்ட்ல கைக்கு முடிவெடுக்க நேரம் கிடைச்சுடுது. 64ம் ஒரே நேரத்துல எழும்பாம அலை மாதிரி ஒன்னுக்கு பின்னாடி ஒன்னா எழும்பினா, அடுத்தது எதுன்னு கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும்.

அலைக்கு இன்னொரு காரணம் கரண்ட். எஸ்ஜி90 மாட்டிக்கிட்டு நின்னா ஒவ்வொன்னும் அரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், 64ம் ஒன்னா கிளம்பினா சப்ளை இறங்கும், சர்வோவை ஓட்டற ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகும், எல்லா பின்னும் திடீர்னு துள்ளும். "சில சமயம் காரணமே இல்லாம நடுங்குது"ன்னு எழுதியிருந்தீங்களே, அது அனேகமா இதுதான், சர்வோ சப்ளையை தனியா பிரிச்சு கிரவுண்டை மட்டும் சேருங்க. ஒரு தடவை காரணமில்லாம துள்ளின மெஷின் மேல திரும்ப நம்பிக்கை வர ரொம்ப நாள் ஆகும்.

ஆன் பண்ற நேரத்தை யாருமே யோசிக்கறதில்ல. நாங்க ஒரு அறிவியல் கண்காட்சிக்கு செஞ்ச மேசைல, எல்லா அசைவையும் பட்டு மாதிரி பண்ணிட்டோம், ஆனா கரண்ட் போய் வந்தா மெஷின் தன் ஜீரோ எங்கன்னு தேட எல்லா தூணையும் முழு வேகத்துல அடியில இடிச்சுட்டு வரும், அதை நாங்க ஒர்க்‌ஷாப்ல நூறு தடவை பாத்து பழகினதால எங்க கண்ணுல படவே இல்ல. கண்காட்சில மதியம் கரண்ட் கட், திரும்ப வந்தப்ப ஒரு சின்னப் பொண்ணு மேசை மேல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு நின்னுச்சு. அடி ஒன்னும் படல, ஆனா அது அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கல, அன்னைக்கு பூரா அந்தப் பக்கம் வரவே இல்ல. தப்பு எங்களோடது. உங்க சர்வோலயும் இதே கதைதான், ஆர்டுயினோ சர்வோ லைப்ரரி, அட்டாச்ங்கற கட்டளையால சர்வோவை இணைச்சதும் 1500 மைக்ரோசெகண்ட் சிக்னல் அனுப்பும், அதாவது நடு இடத்துக்கு தள்ளும். அட்டாச்சுக்கு முன்னாடியே ரைட் கட்டளை போட்டு கோணத்தை சொல்லிடுங்க, ஆஃப் பண்றப்ப எல்லா பின்னையும் அடில இறக்கி வெச்சுட்டு ஆஃப் பண்ணுங்க, ஆன் ஆனதும் ஒரே நேரத்துல இல்லாம ஒவ்வொரு வரிசையா அட்டாச் பண்ணுங்க.

சத்தத்தை சுருக்கமா சொல்லிடறேன், சர்வோ கியரோட கீச்சு சத்தம் திடீர்னு தொடங்கினா ஆள் திடுக்கிடுவார், மெதுவான அசைவுல அதுவும் தணியும், அடியில ஃபோம் ஷீட் வெச்சா மரப்பெட்டி அதிர்வு குறையும். அடுத்த வெர்ஷன்ல டிசி மோட்டார் போட்டா, ஆர்டுயினோவோட வழக்கமான 490 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (மோட்டாருக்கு கரண்டை விட்டு விட்டு குடுக்கற முறை) காதுல ரீங்காரமா கேக்கும், 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஏத்திடுங்க.

துணி போர்த்தலாமான்னா, யோசனை புதுசு இல்ல, ஜப்பானைச் சேர்ந்த ஹிரோ இவாட்டா 2001ல காட்டின ஃபீலெக்ஸ்ங்கற ஷேப் டிஸ்ப்ளேல 36 ஆக்சுவேட்டர் மேல வளையற திரைதான் போர்த்தியிருந்தாங்க. இடுக்கு மறையும், மோதிரமும் வளையலும் முடியும் துப்பட்டாவும் மாட்டாது, இதுல சந்தேகமே இல்ல. ஆனா சில பேருக்கு போர்வைக்கு அடியில என்னமோ நெளியற மாதிரி அருவருப்பு வருது, நான் ரெண்டு விதமான முகத்தையும் பாத்திருக்கேன். லைக்ரா துணியை இழுத்து கட்டி ரெண்டு விதமாவும் நீங்களே ஆட்களை வெச்சு பாருங்க. துணி வேணாம்னா இடுக்கு அளவை பாருங்க, பொம்மை விதி இஎன் 71-1ல அசையற பாகங்களுக்கு நடுவுல 5 மிமீ குச்சி நுழைஞ்சா 12 மிமீ குச்சியும் நுழையணும்னு இருக்கு, அதாவது விரல் நுழைஞ்சு மாட்டற அளவு இருக்கவே கூடாது. உங்க பின்னுங்களுக்கு நடுவுல 7 மிமீன்னு சொல்லியிருக்கீங்க, அது சரியா மாட்டற அளவு. பின் தலையில ஒரு 3டி பிரின்ட் தொப்பி போட்டு இடைவெளியை 3 மிமீக்கு கொண்டு வாங்க.

இனி உறுதியா சொல்ல முடியாத விஷயங்க. அசையறதுக்கு முன்னாடி லைட் எரியவிட்டா நல்லதா? பாதி பேருக்கு நிம்மதி, பாதி பேருக்கு "லைட் போடற அளவுக்கு ஆபத்தா"ன்னு தோணுது, அதனால சிவப்பு போடாதீங்கன்னு மட்டும் சொல்வேன். மெதுவா போனா எப்பவும் நல்லதா? இல்ல, 3 செகண்டுக்கு மேல இழுத்தா ஊர்ந்து வர்ற மாதிரி ஆயிடுது, இல்லன்னா பொறுமை போய் தலையை குனிஞ்சு உள்ள எட்டிப் பாக்கறாங்க, முகம் பக்கத்துல வர்றதை நீங்க விரும்ப மாட்டீங்க. பழகிட்டா பயம் போயிடுமான்னா அந்த நாளைக்கு போகும், அடுத்த வாரம் வந்தா எவ்வளவு மிச்சம் இருக்கும்னு ஆளுக்கு ஆள் மாறுது.

சோதிக்கறப்ப "பயமா இருந்துச்சா"ன்னு கேக்காதீங்க, நம்ம ஊர்ல யாரும் படிக்கற பசங்க மனசை நோகடிக்க மாட்டாங்க, "சூப்பரா இருக்குப்பா"ன்னுட்டு போயிடுவாங்க. கையை வீடியோ எடுங்க. கட்டைவிரல் உள்ள மடங்குதா, முதல்ல புறங்கையால தொட்டு பாக்கறாங்களா, இழுத்த கை திரும்ப வர எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எண்ணுங்க. இப்ப இருக்கறதுல பத்து பேர், மாத்தினதுல வேற பத்து பேர், உங்க கிளாஸ் ஆளுங்க வேண்டாம், கேன்டீன்ல, ஆபீஸ்ல வேலை செய்யறவங்களை கூப்பிடுங்க. ஆரம்பிக்கறப்ப பின் எதுவும் அசையாம இருக்கட்டும், அவங்களே ஒரு பின்னை அமுக்கட்டும், ஸ்பிரிங் அமுங்கி அது கீழ போகும், கையை எடுத்தா மெதுவா மேல வரும். அதை ரெண்டு தடவை செஞ்ச பிறகு மிச்ச பின்னுங்களை எழுப்புங்க.

எமர்ஜென்சி ஸ்டாப் வேணும், ஆனா அமுக்கினா என்ன ஆகணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. மோட்டார் அப்படியே உறைஞ்சு நின்னா, விரல் மாட்டியிருக்கற நேரத்துல விரலும் அப்படியே மாட்டி நிக்கும். உங்க அனலாக் எஸ்ஜி90க்கு பவரை கட் பண்ணினா தளர்ந்துடும், ஸ்பிரிங்கும் இருக்கறதால விரலை எடுத்துடலாம், அதனால பட்டன் ஆர்டுயினோ வழியா போகாம சர்வோவோட 5 வோல்ட் லைனையே நேரா துண்டிக்கற மாதிரி வயர் பண்ணுங்க. பட்டனை விடுவிச்சதும் தானா ஓட ஆரம்பிக்கக் கூடாது, தனியா ஒரு ஸ்டார்ட் பட்டன் அமுக்கினாதான் ஓடணும். ரெண்டையும் லேப்டாப் பக்கம் வைக்காம, தொடறவர் நிக்கற பக்கம், அவர் கைக்கு எட்டற இடத்துல வைங்க.